ஒரே தராசு: தாக்குதல் நாளில் செய்தியும் அஞ்சலியும் எழுதுவோருக்கு ஒரு வழிமுறை

2015 நவம்பர் 12 மாலை லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் தெற்குப் புறநகரான புர்ஜ் அல் பராஜ்னேயில் இரண்டு தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் இரவு பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் பொறுப்பேற்றது ஐ.எஸ். அமைப்பு. பாரிஸ் மக்களுக்காக ஃபேஸ்புக், ‘நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று உறவினருக்குத் தெரிவிக்கும் வசதியைத் திறந்தது. முகப்புப் படத்தின் மேல் பிரெஞ்சுக் கொடியைப் போர்த்திக்கொள்ளவும் வழி செய்தது. பெய்ரூட்டுக்கு இரண்டுமே இல்லை. அந்த வசதி அதுவரை இயற்கைப் பேரிடர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. பாரிஸ் இரவில் அந்த நிறுவனத்தார் விதியைத் தளர்த்தினார்கள். கண்டனம் எழுந்ததும் விதி இன்னும் விரிந்தது. அடுத்த வாரமே நைஜீரியாவின் யோலா நகரில் குண்டு வெடித்தபோது அதே பொத்தான் அங்கும் அழுத்தப்பட்டது.

ஆறு நாளில் உலகத்தார் மனம் மாறிவிடவில்லை. மாறியது ஒரு விதி. பொதுவெளியில் யாருக்காக அழுகிறோம் என்பதில் பெரும்பகுதி, பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவர் அந்த நேரத்தில் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள்தான்: எந்தத் தலைப்பு, எந்தப் படம், எத்தனை நாள் தொடர்வது, யாரை எந்தப் பெயரால் அழைப்பது. அந்தப் பொத்தானை வைத்திருப்பவர்களுக்கு எழுதியது இது. செய்தி மேசையில் இருப்பவர், ஒரு நிறுவனத்தின் பக்கத்தை நடத்துபவர், பள்ளித் தலைமை ஆசிரியர், 200 பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி, எல்லோருக்கும் வேலை ஒன்றுதான்.

முதல் வேலை: பழைய கணக்கைப் பார்ப்பது

புதிய கொள்கை எழுத உட்காருவதற்கு முன் கடந்த 12 மாதத்துப் பதிவுகளை எடுத்து வையுங்கள். ஒரு விரிதாள் போதும். ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு வரி. தேதி, இடம், இறந்தோர் எண்ணிக்கை, குறிவைக்கப்பட்டவர்கள் யார் என்பது முதல் நான்கு கட்டங்கள். அடுத்து நீங்கள் செய்தவை: எத்தனை மணி நேரத்தில் முதல் பதிவு போனது, மொத்தம் எத்தனை பதிவுகள், எத்தனை நாள் தொடர்ந்தது, இறந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் வந்தது, எத்தனை முகங்கள் தெரிந்தன, தாக்கியவரை என்ன சொல்லால் குறித்தீர்கள், அவருடைய மதம் தலைப்பில் இருந்ததா, சடலம் தெரியும் படம் போட்டீர்களா.

தாக்குதல் பட்டியலை மட்டும் உங்கள் பதிவுகளிலிருந்து எடுக்காதீர்கள். இந்தக் கணக்கில் பலரும் வழுக்கி விழும் இடம் அது. நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட சம்பவம் உங்கள் பதிவில் இருக்காது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். மேரிலாண்ட் பல்கலைக்கழகம் தொகுக்கும் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம், ஆண்டுதோறும் வரும் உலகப் பயங்கரவாதக் குறியீடு போன்ற வெளிப் பட்டியலிலிருந்து எடுங்கள். அப்படி எடுக்கும்போதே ஓர் உண்மை முகத்தில் அடிக்கும்: பயங்கரவாதத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். அமெரிக்க அரசின் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் தன் 2011 அறிக்கையில், இறந்தவரின் மதம் தெரியவந்த சம்பவங்களில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் 82 முதல் 97 விழுக்காட்டினர் முஸ்லிம்கள் என்று கணக்குச் சொன்னது. செய்தி மட்டும் படிக்கிறவர் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம் இதற்கு நேர் எதிரானது.

புதிய பக்கம் என்றால், பழைய பதிவு இல்லை என்றால், இந்தப் பட்டியலை வைத்து நீங்கள் அன்று என்ன செய்திருப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பாகிஸ்தானின் பெஷாவர் ராணுவப் பள்ளி, 2014 டிசம்பர் 16, 130-க்கும் மேற்பட்ட குழந்தைகள். கென்யாவின் கரிஸ்ஸா பல்கலைக்கழகக் கல்லூரி, 2015 ஏப்ரல் 2, 148 பேர். பாக்தாத்தின் கர்ராடா கடைத்தெரு, 2016 ஜூலை 3, 300-க்கும் மேல். பிரான்ஸின் நீஸ் கடற்கரைச் சாலை, அதே மாதம் 14-ஆம் தேதி, 86 பேர். சோமாலியாவின் மொகதிஷு, 2017 அக்டோபர் 14, ஏறத்தாழ 600 பேர். எகிப்தின் சினாய் அல் ரவ்தா பள்ளிவாசல், அதே ஆண்டு நவம்பர் 24, 300-க்கும் மேல். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்கள், 2019 மார்ச் 15, 51 பேர். இலங்கையின் உயிர்த்த ஞாயிறு, 2019 ஏப்ரல் 21, 250-க்கும் மேல். இவற்றில் எத்தனை, பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு முகத்தையோ படத்தையோ நினைவுக்குக் கொண்டுவருகின்றன? அந்த எண்ணிக்கையையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

கணக்கைப் படிக்கும்போது முதல் நாளை மட்டும் பார்க்காதீர்கள். முதல் நாள் செய்தி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வந்துவிடும். பிளவு தெரிவது இரண்டாம் நாளிலிருந்து. ஒரு தாக்குதலுக்கு இறந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பு, மெழுகுவத்தி, மருத்துவமனை, விசாரணை என்று ஏழு நாள் ஓடும். இன்னொன்று அன்று மாலையோடு முடிந்துபோகும். கர்ராடாவில் தொடர்வதற்குச் செய்தி இல்லாமல் இல்லை: சோதனைச் சாவடிகளில் காவலர்கள் கையில் வைத்திருந்த வெடிகுண்டு கண்டறியும் கருவி வெறும் போலி, அதை விற்ற பிரிட்டிஷ் வியாபாரி 2013-லேயே சிறைக்குப் போய்விட்டார், அப்படியும் கருவி சாவடியில் தொடர்ந்தது. இதுவே வேறு நகரமாக இருந்தால் ஒரு மாதத்துக்குத் தலைப்புச் செய்தி.

தாக்கியவர் பக்கத்தையும் இதே தாளில் அளக்கலாம். அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த தாக்குதல்களின் செய்திகளை ஆய்வாளர் எரின் கியர்ன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் எண்ணினார்கள். இறந்தோர் எண்ணிக்கை, இலக்கு போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், தாக்கியவர் முஸ்லிமாக இருந்தால் செய்தி சராசரியாக 357 விழுக்காடு கூடுதலாக வந்திருந்தது. இறந்த முஸ்லிம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கொன்ற முஸ்லிம் பெரிதாகத் தெரிகிறார். இரண்டும் ஒரே மேசையில் ஒரே நாளில் நடப்பவை. வெறுப்பை மட்டும் தனியாகக் களைய முயல்கிறவர்களுக்குக் கைகூடாமல் போவது இதனால்தான்.

ஒரு பக்க விதி

கணக்கு முடிந்ததும் ஒரே ஒரு பக்கத்தில் விதியை எழுதுங்கள். இரண்டாம் பக்கம் வந்தால் நெருக்கடி நேரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை: எது நடந்தால் எதிர்வினை, என்ன எதிர்வினை, யார் முடிவெடுப்பது, எத்தனை நாள்.

‘எது நடந்தால்’ என்பதை இடத்தின் பெயரே வராமல் எழுத வேண்டும். உதாரணமாக: “பொதுமக்களை வேண்டுமென்றே குறிவைத்த தாக்குதலில் 20 பேருக்கு மேல் இறந்தாலோ, வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றில் எத்தனை பேர் இறந்தாலும்.” 20 என்பது புனிதமான எண் அல்ல. உங்கள் ஆள்பலத்துக்கு ஏற்ப வையுங்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பிய விதி இரண்டு மாதத்தில் செத்துப்போகும். சாஹேல் பகுதியில், புர்கினா ஃபாஸோ, மாலி, நைஜர் நாடுகளில், தாக்குதல்கள் அவ்வளவு அடுக்கடுக்காக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு என்று தொடங்கினால் மூன்றாவது வாரம் எழுதுகிறவர் சோர்ந்துவிடுவார், வாசகர் கடந்துபோய்விடுவார். அதற்கு மாற்று: தொடர்ந்து தாக்கப்படும் பகுதிகளுக்கு மாதம் ஒரு விரிவான பதிவு. அதில் அந்த மாதத்துச் சம்பவங்கள் எல்லாம் தேதியோடு வரட்டும்; ஒரு ஊரை மட்டும் எடுத்து ஆழமாக எழுதுங்கள். தினமும் ஒரு வரியில் ‘மேலும் 14 பேர்’ என்று போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நெருக்கம் ஒரு நியாயமான காரணமே. உங்கள் குழுவில் ஒருவரின் அண்ணன் அந்த நகரத்தில் இருந்தால் அந்த நகரத்துக்கு முதலில் எழுதுவதில் தவறில்லை. தவறு எங்கே நுழைகிறது என்றால், நெருக்கத்தைக் கேட்காமல் ஊகிப்பதில். பாரிஸில் யாருக்காவது தெரிந்தவர் இருப்பார் என்று நாமே நினைத்துக்கொள்வோம். இஸ்தான்புல்லிலோ நைரோபியிலோ இருப்பார் என்று தோன்றவே தோன்றாது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கேள்வித்தாள் அனுப்புங்கள்: “உங்கள் உறவினர், நண்பர் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்கள்?” மதத்தைக் கேட்க வேண்டாம், நாடு போதும்.

எதிர்வினையை இரண்டே அளவில் வையுங்கள்: எழுத்து மட்டும், எழுத்தோடு மௌன அஞ்சலியும். கொடி, வண்ண விளக்கு, முகப்புப் பட மாற்றம் எல்லாம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு நாட்டுக்குப் போட்டுவிட்டால் அடுத்ததற்குப் போடாமல் இருப்பதே ஓர் அறிவிப்பாகிவிடுகிறது. முடிவை இருவர் சேர்ந்து எடுக்கட்டும், அதில் ஒருவர் அன்று பதிவு எழுதாதவராக இருக்கட்டும்.

முதல் 12 மணி நேரம்: தெரியாததை எழுதாமல் இருப்பது

கேடு பெரும்பாலும் விளைவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1995 ஏப்ரல் 19 ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தபோது, முதல் மணி நேரங்களில் மத்திய கிழக்கைக் கைகாட்டியவர்கள் பலர். செய்தவர் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய வெள்ளையர். 2011 ஜூலை 22 நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்ட அன்றும் இதே கதை. செய்தவர் முஸ்லிம் வெறுப்பைக் கொள்கையாகவே எழுதி வைத்திருந்த நார்வேக்காரர். 2017 ஜனவரியில் கனடாவின் கியூபெக் பள்ளிவாசலில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மொராக்கோ பூர்விகம் கொண்ட ஒருவர் சந்தேக நபராக உலகெங்கும் காட்டப்பட்டார். அவர் காயம்பட்டவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த சாட்சி. 2024 ஜூலை 29 இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் கொல்லப்பட்டார்கள். கைதானவருக்கு 17 வயது என்பதால் சட்டப்படி பெயர் வெளியாகவில்லை. அந்த வெற்றிடத்தில் யாரோ ஒரு முஸ்லிம் பெயரைப் புனைந்து, படகில் வந்த அகதி என்று கதை கட்டினார்கள். மறுநாள் மாலை அந்த ஊர்ப் பள்ளிவாசல் மேல் செங்கல் பறந்தது. கைதானவர் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவர் என்று காவல்துறை சொல்லியும் கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது.

பார்த்தால் முறை ஒன்றே. பெயர் தெரியாத இடைவெளி, அதில் வந்து விழும் வதந்தி, மறுப்பு வருவதற்குள் தெருவில் கூட்டம். எனவே அந்த இடைவெளியில் நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. ‘இன்னும் தெரியவில்லை’ என்பதையே செய்தியாக எழுத வேண்டும். இப்படி: “தாக்கியவர் யார் என்பதைக் காவல்துறை இரவு 8 மணி வரை அறிவிக்கவில்லை. இப்போது பரவும் பெயர் உறுதி செய்யப்படாதது. நாங்கள் அதை வெளியிடவில்லை.” பரவும் பெயரைச் சொல்லி மறுக்காதீர்கள், மறுப்பில் வந்தாலும் பெயர் பெயர்தான், நினைவில் அதுவே தங்கும்.

பெயரை வெளியிட இரண்டு கதவுகள் திறக்க வேண்டும்: காவல்துறையோ நீதிமன்றமோ பதிவாகச் சொன்னது ஒன்று, அதை நேரில் கேட்ட இன்னொரு செய்தி நிறுவனம் ஒன்று. அதிகாரபூர்வம் என்பதாலேயே சரியென்றும் சொல்ல முடியாது. 2019-இல் இலங்கைக் காவல்துறை வெளியிட்ட தேடப்படுவோர் படங்களில், சம்பவத்துக்குத் துளியும் தொடர்பில்லாத ஓர் அமெரிக்க இளம்பெண்ணின் படம் இருந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். படம் வந்தால் கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத் தேடல் கருவியில் போட்டு, அது முதலில் எங்கே, எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

எண்ணிக்கையும் இப்படித்தான் ஏமாற்றும். இலங்கையில் 359 என்று சொல்லப்பட்டது நான்காம் நாள் ஏறத்தாழ 253 ஆகக் குறைந்தது. சிதைந்த உடல்களை இரட்டையாக எண்ணிவிட்டார்கள். கிரைஸ்ட்சர்ச்சில் 49 என்று தொடங்கி 50 ஆகி, வாரங்கள் கழித்து மருத்துவமனையில் ஒருவர் இறந்ததும் 51 ஆனது. கர்ராடாவில் முதல் நாள் எண்ணிக்கை பிற்பாடு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. எண்ணுக்குப் பக்கத்தில் நேரமும் சொன்னவர் பெயரும் கட்டாயம் வேண்டும். பத்து நாள் கழித்து ஒருமுறை திரும்பிப் பார்த்துத் திருத்துங்கள். தூரத்துச் சாவுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் முதல் நாள் கணக்கிலேயே உறைந்துபோவது, திரும்பிப் பார்க்க ஆளில்லாததால்தான்.

தாக்கியவர் எடுத்த காணொளியைப் பகிராதீர்கள், துண்டாகக்கூட வேண்டாம். கிரைஸ்ட்சர்ச் நேரலையின் 15 லட்சம் பிரதிகளை முதல் 24 மணி நேரத்தில் அகற்றியதாக ஃபேஸ்புக் சொன்னது. கண்டிக்கிறேன் என்று சொல்லிப் பகிர்ந்தவர்களும் அதைப் பரப்பியவர்கள்தான்.

சொல்லில் ஒளிந்திருப்பது

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை ஆங்கிலக் கையேடுகளில் கிடைக்காது. முதலாவது விகுதி. ‘சுட்டான்’, ‘சுட்டார்’. கொலைகாரருக்கு ‘ஆன்’ போடுவது உங்கள் மேசையின் வழக்கம் என்றால் எல்லாக் கொலைகாரருக்கும் போடுங்கள். ஒருவர் ‘சுட்டான்’, இன்னொருவர் ‘மன அழுத்தத்தில் இருந்தவர், சுட்டார்’ என்று வந்தால் வாசகர் காதில் தீர்ப்பு அப்போதே விழுந்துவிட்டது. நாங்கள் எல்லோருக்கும் ‘ஆர்’ போடுவதையே பரிந்துரைக்கிறோம். அது மரியாதைக்காக இல்லை. முதல் நாளில் யார் குற்றவாளி என்பது நமக்குத் தெரியாது என்பதற்காக.

இரண்டாவது ‘பலி’. ‘உடல் சிதறி பலி’, ‘கருகி பலி’ என்ற தேய்ந்த தலைப்புகள் எந்த ஊர்களுக்கு வருகின்றன, ‘உயிரிழந்தனர்’, ‘கொல்லப்பட்டனர்’ எந்த ஊர்களுக்கு வருகின்றன என்று உங்கள் பழைய பதிவுகளில் தேடிப் பாருங்கள். ‘குண்டு வெடித்ததில் 30 பேர் பலி’ என்பதில் கொன்றவர் இல்லை, கொல்லப்பட்டவரும் இல்லை. மழை பெய்த மாதிரி ஒரு நிகழ்வு. ‘சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த 30 பேரைக் குண்டு வைத்துக் கொன்றனர்’ என்று எழுதினால் இருவரும் வந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது அடைமொழி. ‘முஸ்லிம் தீவிரவாதி’, ‘இஸ்லாமியப் பயங்கரவாதம்’ என்பதில் கூடவே சுட்டப்படுபவர்கள் ஏறத்தாழ 200 கோடி பேர். அமைப்பின் பெயர் தெரிந்தால் அதை எழுதுங்கள்: ஐ.எஸ்., அல் ஷபாப், போகோ ஹராம். தமிழில் ‘இஸ்லாமியர்’ என்றால் மக்கள். அரசியல் கொள்கையைக் குறிக்க ‘இஸ்லாமியவாதம்’ என்ற வேறு சொல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மதம் சேதியின் பகுதியாக இருந்தால் மறைக்கவும் வேண்டாம்: தாக்கியவர் மதத்தின் பெயரால் செய்ததாகச் சொன்னால், ‘என்று அந்த அமைப்பு கூறியது’ என எழுதலாம். மூடி மறைத்தால் வாசகர் நம்பிக்கை போய்விடும், வதந்திக்காரருக்கு அதுவே மூலதனம்.

‘பயங்கரவாதம்’ என்ற சொல்லுக்கும் ஒரே அளவுகோல். ராய்ட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்தச் சொல்லை மேற்கோளாக மட்டுமே எழுதுவது என்று வைத்திருக்கின்றன. அதுவும் ஒரு வழி. அல்லது அரசியல், மத, கருத்தியல் நோக்கத்தோடு பொதுமக்களைக் கொல்வது எல்லாம் பயங்கரவாதம் என்று வரையறுத்து, பள்ளிவாசலில் சுட்டவருக்கும் அதையே எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு மாற்றுச் சோதனை: தாக்கியவர் மதத்தையும் இறந்தவர் மதத்தையும் இடம்மாற்றிப் படியுங்கள். எந்தச் சொல் தொண்டையில் மாட்டுகிறதோ அதை மாற்றுங்கள்.

ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு மாலைப்பொழுது

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 2007-இல் வெளியிட்ட சோதனை ஒன்று, இரக்கத்தை ஆராயும் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பட்டினியால் வாடும் ஒரு சிறுமியின் பெயரும் படமும் காட்டியபோது மக்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தை மட்டும் காட்டியபோது 1.14. சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43-க்கு இறங்கியது. எண் சேரச் சேர மனம் மரத்துப்போகிறது. பாரிஸுக்கு முகங்கள் கிடைத்தன, மொகதிஷுவுக்கு எண் மட்டும் கிடைத்தது என்றால், அளவு வேறுபாடு அங்கேயே தொடங்கிவிட்டது.

எனவே எந்தத் தாக்குதலானாலும் குறைந்தது மூன்று பேரைப் பற்றியாவது எழுதுவது என்று விதி வையுங்கள். வயது, வேலை, அன்று அங்கே ஏன் போனார். மூன்றாவது தகவல்தான் முக்கியம். கர்ராடாவில் இறந்தவர்கள் ரமலான் கடைசி நாட்களின் இரவில் பெருநாள் துணி எடுக்க வந்த குடும்பங்கள் என்று தெரிந்ததும் ‘பாக்தாத் குண்டுவெடிப்பு’ வேறு செய்தி ஆகிறது. பெய்ரூட்டில் இரண்டாவது குண்டுதாரியைக் கட்டிப்பிடித்து நிறுத்தி, தன் உயிரைக் கொடுத்துக் கூட்டத்தைக் காப்பாற்றிய ஒரு தந்தை இருந்தார்.

தகவலை எங்கே எடுப்பது? அந்தந்த நாட்டு உள்ளூர் நாளிதழ்கள், பல்கலைக்கழக, மருத்துவமனை, விளையாட்டுக் கழக அறிவிப்புகள். அரபியிலோ சோமாலியிலோ இருந்தால் இயந்திர மொழிபெயர்ப்பில் படித்து, பெயரின் ஒலிப்பை மட்டும் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் தானாக வெளியிடாத படத்தை முகநூலிலிருந்து எடுக்காதீர்கள். புள்ளிவிவரம் கதைக்குப் பிறகு, தனிப் பத்தியில் வரட்டும்.

சடலப் படத்துக்கும் ஒரே விதி. பாரிஸிலோ பாஸ்டனிலோ போர்வை மூடிய உடலைக்கூடத் தயங்கிப் போடுகிற மேசை, காபூலின் ரத்தத்தை அப்படியே போட்டுவிடுகிறது. அந்தக் குடும்பத்தாரும் அதைப் பார்ப்பார்கள்.

அஞ்சலி வாசகம்

அஞ்சலியில் மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, யார் இழந்தார்கள், நாம் என்ன செய்கிறோம். ‘உலகமே கண்ணீர் விடுகிறது’ என்று எழுதாதீர்கள். அடுத்த மாதம் உலகம் கண்ணீர் விடாத ஊர்க்காரர் அதைப் படிப்பார். ‘இப்படி ஓர் இடத்தில் நடக்கும் என்று நினைக்கவில்லை’ என்பதும் அப்படித்தான். வேறெங்கோ நடப்பது இயல்பு என்று அதற்குப் பொருள்.

சமமின்மையைச் சுட்டிக்காட்டும் ஆர்வத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பாரிஸுக்கு அழுகிறவரிடம் போய் ‘பெய்ரூட்டுக்கு அழுதாயா?’ என்று கேட்பது. கேட்டவருக்குத் திருப்தி, கேட்கப்பட்டவருக்கு எரிச்சல், பெய்ரூட்டுக்கு ஒரு துளி கண்ணீர்கூட மிச்சமில்லை. ஒருவரின் துக்கத்தில் வெட்டி இன்னொருவருக்கு ஒட்ட முடியாது. பெய்ரூட்டைப் பற்றி எழுத வேண்டிய நாள் நவம்பர் 12. அன்று எழுதாவிட்டால் அடுத்த நவம்பர் 12. இதற்கு நாட்காட்டி உதவும்: மேலே சொன்ன தேதிகளை அதில் ஏற்றி வையுங்கள். கூடவே ஆகஸ்ட் 21, பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோரை நினைவுகூர ஐ.நா. வைத்த நாள், மார்ச் 15, இஸ்லாமிய வெறுப்புக்கு எதிரான நாளாக 2022-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்த நாள், கிரைஸ்ட்சர்ச் தாக்குதலின் நினைவுநாள்.

அடுத்த 72 மணி நேரம்

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. பதிவு செய்த முஸ்லிம் எதிர்ப்பு வெறுப்புக் குற்றங்கள் 2000-இல் 28, 2001-இல் 481. செப்டம்பர் 11-க்கு நான்காம் நாள் அரிசோனாவின் மேசா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர் முஸ்லிமே அல்ல. தலைப்பாகை கட்டிய சீக்கியர். இலங்கையில் உயிர்த்த ஞாயிறுக்கு மூன்று வாரம் கழித்து, மே 13-ஐ ஒட்டி, குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். இணைய வெறுப்பு பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கும். தெருவில் நடப்பது அதைவிட நீளும். எனவே 72 மணி நேரம் முழுக் கவனம், பிறகு ஒரு மாதம் வாரம் ஒருமுறை பார்வை.

பள்ளியிலும் அலுவலகத்திலும் முதலில் செய்யக் கூடாதது, அங்குள்ள முஸ்லிமிடம் ‘நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பது. கண்டன அறிக்கையை அவரையே எழுதச் சொல்வதும் கூடாது. செய்ய வேண்டியது, தனியாக அழைத்து ஒரே வரி: “இந்த வாரம் யாராவது ஏதாவது சொன்னால் எனக்கு நேரடியாகச் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.” ஆசிரியர்கள் இடைவேளையிலும் பேருந்து ஏறும் இடத்திலும் நிற்கட்டும், வகுப்பறையில் நடப்பதைவிட அங்கேதான் அதிகம் நடக்கும். அருகில் பள்ளிவாசல் இருந்தால் நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்து வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். கேட்காமல் கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். அன்று அவர்களுக்குக் கூட்டமே அச்சமாக இருக்கலாம்.

சம்பவம் நடந்தால் பதிவு அன்றே வேண்டும். தேதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே, மெருகேற்றாமலும் மழுப்பாமலும், பார்த்தவர் பெயர். இணையத்தில் என்றால் முகவரி, கணக்கின் பெயர், நேரம் மூன்றும் தெரியும்படி திரைப்பிடிப்பு. அதற்குப் பிறகுதான் புகார் பொத்தான். புகார் செய்து பதிவு நீங்கிவிட்டால் சாட்சியும் நீங்கிவிடும். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டுக் காவல் நிலையத்தில் வெறுங்கையோடு நிற்பவர்கள் நிறைய.

வாட்ஸ்அப் நிர்வாகிக்கு வேலை எளிது. தாக்குதல் செய்தி வந்த முதல் இரவு, நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றுங்கள், 12 மணி நேரத்துக்கு. காரணத்தையும் எழுதுங்கள்: “யார் செய்தார்கள் என்று தெரியும் வரை மூடியிருக்கும். உறவினர் பற்றிய தகவல் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், நான் போடுகிறேன்.” இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று வருபவை எதையும் திறந்த பிறகும் அனுமதிக்காதீர்கள்.

பேசவைப்பது எப்படி

தணிந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, பேச வேண்டும். உபதேசம் வேலை செய்யாது என்பதற்குச் சான்று உண்டு. 2015 டிசம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா, கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ தாக்குதலுக்குப் பின் தொலைக்காட்சியில் பேசினார். சகிப்புத்தன்மை நம் கடமை என்று சொன்ன நேரத்தில் கூகுளில் முஸ்லிம்களைப் பற்றிய வெறுப்புத் தேடல்கள் கூடின. முஸ்லிம் அமெரிக்கர்கள் நம் விளையாட்டு வீரர்கள், நாட்டுக்காக உயிர் கொடுக்கும் படைவீரர்கள் என்று சொன்னதும் அவர்களைப் பற்றிய தேடல்கள் எழுந்தன. ஆர்வம் கிளம்பினால் மனம் திறக்கிறது; குற்றவுணர்வு கிளம்பினால் கதவு சாத்திக்கொள்கிறது.

இதைவிட உறுதியான முறை, உளவியல் ஆய்வாளர்கள் எமில் புரூனோவும் நூர் க்டெய்லியும் சோதித்தது. கூட்டுப்பழியை, அதாவது சிலர் செய்ததற்கு அவர்கள் சார்ந்த எல்லோரையும் பழிப்பதை, உடைக்கக் கேள்விகளின் வரிசையை மட்டும் மாற்றினார்கள். முதலில், உங்கள் இனத்தார் தனியாகச் செய்த வன்செயலுக்கு நீங்கள் எவ்வளவு பொறுப்பு என்று கேட்பது. பிறகு, ஐ.எஸ். போன்றோர் செய்ததற்கு ஒரு சாதாரண முஸ்லிம் எவ்வளவு பொறுப்பு என்று கேட்பது. முதல் கேள்விக்குத் தனக்குப் பூஜ்யம் போட்டவர் இரண்டாவதற்கு எண்பது போடக் கூச்சப்படுகிறார். ஸ்பெயினில் இதைச் செய்தபோது பலன் ஓராண்டு கழித்தும் நின்றது.

ஆறு முதல் எட்டுப் பேர், நாற்பது நிமிடம். தாளும் பேனாவும், கை தூக்கச் சொல்லாதீர்கள், பெயர் எழுதச் சொல்லாதீர்கள். முதல் கேள்விக்குப் பங்கேற்பவர்களின் சொந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு சம்பவம் வேண்டும். வேறொரு குழுவின் சம்பவத்தை எடுத்தால் பயிற்சி வீண். 0 முதல் 100 வரை எழுதட்டும். இரண்டாம் கேள்விக்கும் எழுதட்டும். அதற்குப் பிறகு நடத்துபவர் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: “இரண்டு எண்ணும் வேறாக இருந்தால், ஏன்?” பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். இடைவெளி தாங்காமல் ‘பார்த்தீர்களா, நீங்கள் இரட்டை வேடம் போடுகிறீர்கள்’ என்று நடத்துபவர் விளக்கிவிட்டால், தானே கண்டுபிடித்த உறுத்தல் அடுத்தவர் வைத்த குற்றச்சாட்டாகிவிடும், அவர்கள் எதிர்க்கத் தொடங்குவார்கள்.

கூடப் பழகவைத்தால் எல்லாம் சரியாகும் என்பதிலும் ஓர் எல்லை இருக்கிறது. ஐ.எஸ். கைக்குப் போன ஊர்களிலிருந்து துரத்தப்பட்ட ஈராக் கிறிஸ்தவர்களை முஸ்லிம்களோடு ஒரே கால்பந்து அணியில் ஆடவைத்துச் சல்மா மூசா 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கலப்பு அணியில் ஆடியவர்கள் மாதங்கள் கழித்தும் முஸ்லிம் ஆட்டக்காரர்களோடு பயிற்சி செய்தார்கள், அவர்களுக்கு விருது வாக்கும் போட்டார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் மோசூலில் ஓர் உணவகத்துக்குப் போவதில் பெரிய மாற்றமில்லை. அணியில் இருக்கும் நண்பரை நேசிப்பதும் அந்த மக்களை நம்புவதும் ஒன்றல்ல. நண்பருக்கு வெளியேயும் அந்த மக்களைப் பார்க்கும் வாய்ப்பை, கடை, விழா, சாவு வீடு என்று, தனியாக ஏற்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு தாக்குதலுக்கும் முப்பதாம் நாள் அந்த விரிதாளைத் திறந்து வரியை நிரப்புங்கள். மூன்று பெயர் எழுதினோமா, எண்ணிக்கையைத் திருத்தினோமா, ஏழு நாளில் எத்தனை நாள் தொடர்ந்தோம், விதியை எங்கே மீறினோம், யார் சொல்லி மீறினோம். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகவே விடப்படுகிறது. அதையும் நிரப்புங்கள்.